நாற்பது நிமிஷத்துக்கு ஒரு சீட்

அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க சைக்கிள் சீட்டை ஒரு நாற்பது நிமிஷத்துக்கு எனக்குக் கழட்டித் தருவீங்களா?

உங்க பந்தயம் காலையிலேயே முடிஞ்சிருச்சு, நான் பார்த்தேன். நாற்பது வயசுக்கு மேற்பட்டவங்க பிரிவுல மூணாவதா வந்தீங்க. கடைசிப் பலகையைத் தாண்டும்போது வழுக்கினீங்களே, அப்போ நான் இந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன். என்னோடது ஒரு மணிக்கு. இப்போ பன்னிரண்டு பத்து. சீட் இல்லாத சைக்கிளோட லைன்ல நிற்க விட மாட்டேன்னு செக்கிங் சார் சொல்லிட்டார். நான் உட்காராமலே ஓட்டிடுவேன் சார், பழக்கம்தான் என்றேன். விழுந்தால் அந்தக் குழாய் வயிற்றில் ஏறிவிடும்மா, நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் விட மாட்டேன் என்றார். அவர் சொல்றதும் நியாயம்தான்.

இதுவரைக்கும் பதினாலு சைக்கிள் பார்த்துட்டேன் அக்கா. எல்லாம் தடித்தடியான சீட் பைப். என் ஃபிரேமுக்குள்ள இறங்க மாட்டேங்குது. உங்களுது ஒண்ணுதான் அதே கம்பெனி, அதே ஃபிரேம், கலர் மட்டும் வேற. நீங்க சேறு கழுவிட்டிருக்கும்போது குனிஞ்சு பார்த்துட்டேன். கேட்காம பார்த்தது தப்புதான்.

என் சீட்டா? அது எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் பையில இருக்கு.

இல்லல்ல, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. அவர் ஜாக்கிரதையான ஆள். அவ்வளவுதான். டீ ஃபாக்டரியில ஸ்டோர் கீப்பர். காலையில கிளம்பும்போது சீட்டைக் கழட்டிச் சாப்பாட்டுப் பையோட வெச்சு எடுத்துட்டுப் போவார். சீட் இல்லாட்டி எவனும் திருட மாட்டான் பாருங்க. சாயங்காலம் வந்ததும் திரும்ப மாட்டிடுவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாட்டியே இருக்கும்.

தருவீங்களா? ரொம்ப நன்றி அக்கா. மெதுவாவே கழட்டுங்க, சேறு காய்ஞ்சு இறுகியிருக்கும். நான் பிடிச்சுக்கறேன். ஹன்னா, இங்கே வா, ஆன்ட்டி பக்கத்துல உட்காரு. இவளுக்கு நாலு வயசு. வணக்கம் சொல்லுன்னா சொல்ல மாட்டா. முன்னெல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் தாவிப் போய் உட்கார்ந்துக்குவா, இப்போ கொஞ்ச நாளாத்தான் இப்படி. அந்த வர்க்கி பிஸ்கட்டைக் கையில் கொடுத்துட்டா போதும், ஒரு மணி நேரம் கடிச்சிட்டே இருப்பா.

ஒரு நிமிஷம். ஒண்ணுமில்ல, போன். அவர்தான். அடிச்சு நிற்கட்டும், இந்தப் பக்கம் சிக்னல் கிடைக்கலைன்னு நினைச்சுக்குவார்.

இந்த சைக்கிள் என் கைக்கு வந்ததே ஒரு கதை. போன டிசம்பரில் அவருக்குச் சர்க்கரை இருக்கிறதென்று டாக்டர் சொல்லி, தினமும் நடக்கச் சொன்னார். கூலிக்கு இலை பறிக்கிறவர்கள் நடக்கிற பாதையில் ஸ்டோர் கீப்பர் நடப்பதா? சைக்கிள் என்றால் பரவாயில்லை, அதுவும் சாதா சைக்கிளாக இருக்கக் கூடாது. ஊரை விட்டுப் போகிற ஒரு எஸ்டேட் மேனேஜர் வீட்டில் இதை வாங்கிக்கொண்டு வந்தார். ஸ்டோருக்குள் வருகிற ஒவ்வொரு போல்ட்டுக்கும் அளவு பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். இதற்கு மட்டும் ஃபிரேம் சைஸ் பார்க்கவில்லை. அவர் அஞ்சடி பதினோரு அங்குலம். சைக்கிள் அந்த மேனேஜர் மனைவியுடையது. ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டிலில் இடித்தது. ரெண்டு நாள் இடித்துக்கொண்டே ஓட்டினார். மூணாம் நாள் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, சாப்பிடும்போது, இது உனக்காகத்தான் வாங்கினேன், பிறந்த நாளுக்கு என்றார்.

என் பிறந்த நாள் மே மாதம். பரவாயில்லையே, அஞ்சு மாதம் முன்னாடியே நினைவு வைத்திருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

அக்கா, நான் அதில் முதல் தடவை ஏறினபோது எப்படி இருந்தது தெரியுமா? எனக்கென்று அளவாக எதுவும் இருந்ததே இல்லை. கான்வென்ட் யூனிஃபார்ம் எப்பவும் வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிசு. ஷூவுக்குள் பஞ்சு. கல்யாணப் பட்டு ஜாக்கெட் என் கூடப்பிறந்த அக்காவுக்குத் தைத்ததைப் பிடித்துக் கொடுத்தது. இந்த ஃபிரேமுக்கு நடுவில் நின்றால் மேல்கம்பிக்கும் எனக்கும் நடுவே ஒரு உள்ளங்கை இடம். ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கி நின்றது. எட்டிப் பிடிக்கவும் வேண்டாம், ஒடுங்கி உட்காரவும் வேண்டாம். அது எல்லாம் சரியான அளவின் அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ ரொம்ப நாள் தூக்கிக்கொண்டு இருந்ததைக் கீழே வைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

சீட் உயரத்தை மட்டும் அவர் வைத்தார். ஒரு வீடியோ பார்த்தார். சுவரோடு ஒட்டி நின்று, காலுக்கு நடுவில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேலே வரைக்கும் ஏற்றி, அங்கிருந்து தரைக்கு டேப் பிடிக்க வேண்டும். முழங்காலைச் சேர்த்து வை, சேர்த்து வை என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த பிள்ளை நான். நாலு வருஷம் தொடர்ந்து நல்லொழுக்க மெடல் வாங்கியிருக்கிறேன். காலை அகட்டி நில் என்றதும் கூச்சத்தில் அந்த அட்டைப் புத்தகத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அதனால் மூணு விரற்கடை குறைந்துபோனது. அவர் தப்பு இல்லை, என் தப்புதான். அவர் கணக்குப் போட்டு அறுபத்தொரு சென்டிமீட்டர் என்றார். பைப்பில் அரத்தால் ஒரு கோடு இழுத்தார். ஒரு வாரத்தில் முழங்கால் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. கொஞ்சம் ஏத்தலாமா என்றேன். அளந்தாச்சே என்றார்.

அவர் சொல்வது சரிதான். அளந்தாச்சுன்னா அளந்தாச்சு.

வருதா அக்கா? இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி இழுத்துப் பாருங்க. ஹன்னா, கையை எடு, விரல் மாட்டிக்கும்.

பிப்ரவரியில் ஃபாக்டரியில் யாரோ, உங்க வீட்டம்மாவைக் கட்டபெட்டு பக்கம் சைக்கிளில் பார்த்தேன் சார், பறக்கிறாங்க என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம்தான் இந்தச் சைக்கிள் திருட்டுப் பற்றி அவர் பேச ஆரம்பித்தது. மறுநாளிலிருந்து சீட் பைக்குள் போனது.

நான் என்ன செய்தேன் என்றால், ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கக் கூடாதே என்று இவளுடைய பழைய துணியைச் சுருட்டிக் குழாய்க்குள் அடைத்தேன். அடைத்துவிட்டுச் சும்மா ஒரு தடவை மிதித்துப் பார்த்தேன். நின்றுகொண்டே. முதல் நாள் மேட்டில் நூறு அடிகூடப் போக முடியவில்லை. தொடை இரண்டும் நடுங்கியது. ஒரு மாதத்தில் இவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, திரும்ப அழைக்கப் போகும் வரை நின்றபடியே ஓட்டினேன். உட்கார இடம் இல்லை என்றால் உட்காரணும் என்றே தோன்றாது அக்கா. நீங்க செஞ்சு பார்த்திருக்க மாட்டீங்க.

அப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் நான் படித்த கான்வென்ட் மைதானத்தில் ஏழெட்டுப் பேர் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன். சைக்கிள் எதற்கு, பிறகு அதை ஏன் தூக்கணும்? நின்று பார்த்தேன். அதோ மஞ்சள் உடுப்பில் நிற்கிறாரே, பல் டாக்டர் ஹேமலதா, அவர்தான் கூப்பிட்டார். இதற்குப் பெயர் சைக்ளோகிராஸ், புல்லிலும் சேற்றிலும் சுற்றிச் சுற்றி வரணும், நடுவில் பலகையும் படியும் வரும், அங்கே இறங்கி ஓடணும், ஓடிக்கொண்டே ஏறணும் என்றார். என் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் சேறு வழிய இடம் இருக்கு, மேல்கம்பிக்குக் கீழே தோள் நுழைய இடம் இருக்கு, சைஸும் உனக்கென்றே செய்தது மாதிரி இருக்கு, யார் வாங்கிக் கொடுத்தது என்றார். எங்க வீட்டுக்காரர் என்றேன். நல்லா விஷயம் தெரிஞ்சவர் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

புதிதாக வருகிறவர்களிடம் அவர் சொல்வதே இதுதான். ரெண்டு சைஸுக்கு நடுவில் சந்தேகம் வந்தால் சின்னதை எடு. சாலை சைக்கிளுக்கு ஏறி உட்காருகிற வசதி பார்க்கணும், இதற்கு இறங்குகிற வசதி பார்க்கணும் என்பார்.

அப்புறம், சீட் எங்கே என்றார்.

என்ன சொல்வது? எனக்குச் சட்டென்று வாயில் வந்தது பொய்தான். இது ஒரு பயிற்சி முறை டாக்டர், கால் பலத்துக்கு என்றேன். நல்லொழுக்க மெடல் வாங்கின வாய். அவர் அப்படியே யோசித்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை போனால், ஏழு பேரும் சீட்டைக் கழட்டிப் புல்லில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மழைக்கு முளைத்த காளான் மாதிரி. ஒரு பேங்க் மேனேஜர், அறுபது வயசு, ரெண்டாவது சுற்றில் மறந்துபோய் உட்காரப் பார்த்து... சொல்லக் கூடாது, நாலு நாள் லீவு போட்டார். அதோடு அந்தப் பயிற்சி முறை நின்றுபோனது. எனக்கு மட்டும் தொடர்ந்தது.

சிரிக்கிறீங்க. சிரிங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்தும் சிரிப்பு அடங்கலை, அன்னைக்கு அவர்கிட்ட சொல்லலாமான்னுகூட நினைச்சேன்.

மறுபடியும் போன். ஆறாவது தடவை. பன்னிரண்டு இருபத்தஞ்சு. சனிக்கிழமை அரை நாள்தான், பன்னிரண்டரைக்கு ஃபாக்டரி விட்டுடும். வீட்டுக்குப் போனா நாங்க இல்லைன்னு தெரிஞ்சிடும். ஃபாக்டரியிலிருந்து வீடு அஞ்சு நிமிஷம். வீட்டிலிருந்து இங்கே இருபத்திரண்டு கிலோமீட்டர், நடுவில் கொண்டை ஊசி வளைவு எட்டு. அவர் வேகமா ஓட்ட மாட்டார். நான்தான் சொன்னேனே, ஜாக்கிரதையான ஆள்.

வந்திருச்சா? குடுங்க, நான் துடைக்கறேன். பாருங்க, அப்படியே இறங்குது. அளவெடுத்த மாதிரி. நன்றி அக்கா, நன்றி.

சேறு என்றதும் ஞாபகம் வருது. ஆகஸ்டில் ஒரு நாள் மழை. நான் வந்ததும் சைக்கிளைக் கழுவினேன், ஆனால் பின் டயர் இடுக்கில் கொஞ்சம் செம்மண் ஒட்டியிருந்திருக்கிறது. எங்கள் வீட்டுப் பக்கம் மண் கறுப்பு. சீட்டை மாட்டும்போது அவர் பார்த்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை நீட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை அக்கா, அது நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். குரல்கூட உயராது. இவளை மேஜை மேல் உட்கார வைத்தார். முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மா எங்கே போனாங்க கண்ணு என்று கேட்டார். தெரியாது என்றாள். அவளுக்கு நிஜமாகவே தெரியாது, அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சரி, யோசித்துச் சொல்லு என்றார். திரும்பக் கேட்டார். அதே மாதிரி, மெல்ல. ஒன்றரை மணி நேரம். நான் அடுப்படியில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டு இருந்தேன். நடுவில் போகலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு சப்பாத்தி தேய்த்துவிட்டேன், எங்கள் வீட்டில் ஏழுதான் செலவாகும். இவள் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டாள். அப்போதுதான் எழுந்தார். குழந்தையைக் கழுவிவிடு என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்.

நான் மெடல் வாங்கினது அடங்கி இருந்ததுக்குத்தான் அக்கா. சப்பாத்தி தேய்ச்சது எனக்குத் தப்பாத் தெரியலை அப்போ.

மறுநாள் வெளிக் கேட்டுக்குச் சங்கிலியும் பூட்டும் வந்தது. காட்டெருமைக்காக. எங்கள் பக்கம் நிஜமாகவே காட்டெருமை வரும், போன வருஷம் பக்கத்து லைன் வீட்டில் ஒரு ஆளைத் தூக்கிப் போட்டது. இவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அழைப்பதும் அவர் பொறுப்பு என்று ஆனது. சாவி ஒன்றுதான், அது அவரிடம். எனக்கு எதற்குச் சாவி, நான் எங்கே போகப்போகிறேன்?

சுவர் மூணடிதான். முதலில் சைக்கிளைத் தோளில் மாட்டி, சுவர் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறக்கணும். வலது கையை ஃபிரேமுக்குள் விட்டு ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், ஆடாது. தினமும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. டாக்டரம்மா என்னைப் பலகை தாண்ட வைத்துக் கடிகாரம் பார்ப்பார். எப்படிம்மா இவ்வளவு வேகம், எங்கே பழகினாய் என்பார். வீட்டில்தான் என்பேன். இந்தப் பந்தயத்துப் பலகை நாற்பது சென்டிமீட்டர். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒருவகையில் பார்த்தால் அவர்தான் எனக்குக் கோச்.

உங்க முகம் ஏன் அப்படி ஆகுது? நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்.

இன்னைக்கு நான் இதை முடிச்சே ஆகணும். ஜெயிக்க வேண்டாம், நாற்பது நிமிஷம் ஓட்டி முடிச்சு, முடித்தேன்னு ஒரு சான்றிதழ் வாங்கணும். கான்வென்ட்டில் யாரோ பன்னிரண்டு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு விளையாட்டு உதவியாளர் தேவை. சிஸ்டர் பெனடிக்டா என்னை ஒண்ணாம் வகுப்பிலிருந்து பார்த்தவர். உன்னையே எடுக்க எனக்கு ஆசை, ஆனால் கமிட்டி திங்கட்கிழமை கூடுகிறது, ஊட்டியிலிருந்து டிப்ளமோ படித்த ஒரு பையனும் வருகிறான், ஒரு பந்தயத்தை முடித்ததற்கான காகிதமாவது உன் கையில் இல்லாமல் நான் எதைக் காட்டிப் பேசுவது என்றார். நான் அவரைப் பார்க்கப் போனது, அந்த மேஜை விஷயம் நடந்த மறுவாரம். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. தோன்றியது, போனேன்.

வேலையோடு குவார்ட்டர்ஸ் உண்டு. சாப்பலுக்குப் பின்னால் ரெண்டு அறை, ஒரு அடுப்படி. உள்பக்கம் தாழ்ப்பாள். வாசலில் வாட்ச்மேன். ஆறு மணிக்கு மேல் ஆண்கள் உள்ளே வரக் கூடாது, அது சபையின் சட்டம். அது ஒன்றுதான் எங்களுக்குச் சிரமம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். எங்களுக்கு வீடு இல்லாமல் இல்லையே. இருந்தாலும் இவளுக்கு வகுப்பறை பக்கத்திலேயே இருக்கும் பாருங்க.

திங்கட்கிழமைக்குள்ள வேற பந்தயம் கிடையாது. விசாரிச்சுட்டேன். அடுத்தது ஜனவரியில, பெங்களூர்ல.

மேல ஏத்தாதீங்க அக்கா. கோடு இல்லையே இதுல, எப்படிப் பார்க்கறது? அறுபத்தொண்ணு. டேப் இருக்கா யார்கிட்டயாவது? என்ன, ஏறி உட்காரணுமா? பெடலைக் கீழே இறக்கி, குதிகாலை அதன் மேல வைக்கணுமா? வெச்சேன். முழங்கால் மடங்கியிருக்கு. ஆமா, இது ரொம்பத் தாழ்வுதான், எனக்கே தெரியுது. வேண்டாம் அக்கா, அவர் வெச்ச அளவு... சரி. ஏத்துங்க. இன்னும். குதிகால் வெச்சா கால் நீளணும், பாதத்தை வெச்சா லேசா மடங்கணும். சரி, சரி.

நில்லுங்க.

ஐயோ அக்கா. வலிக்கலை.

இல்ல, ஒண்ணுமில்ல, கண்ணுல சேறு. ஒன்பது மாசமா வலிக்கும்னு நினைச்சுட்டே உட்காருவேன். நான் கொஞ்சம் மிதிச்சுப் பார்க்கறேன், இந்தக் கம்பம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். ஹன்னா, அம்மா இங்கதான்.

நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. இறுக்கிடுங்க அப்படியே. மணி என்ன? முப்பத்தெட்டா? முதல் விசில் ஐம்பதுக்கு. நம்பர் துணி சரியா இருக்கா முதுகுல? நூற்றுப் பதினொண்ணு. ஊக்கு குத்துது, பரவாயில்ல.

போன் நின்னுபோச்சு, கவனிச்சீங்களா? பத்து நிமிஷமா அடிக்கலை. கோபம் ஆறியிருக்கும்.

அட. ஆமா. எப்படி மறந்தேன்? அக்கா, இந்தப் போன்ல அவர் ஒண்ணு போட்டு வெச்சிருக்கார், நான் எங்கே இருக்கேன்னு அவர் போன்ல புள்ளியா தெரியும். நான் தொலைஞ்சுபோயிட்டா கண்டுபிடிக்கிறதுக்காம். வீட்டுலயே வெச்சுட்டு வந்திருக்கணும். இவளைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் விட்டு, சைக்கிளை பஸ் மேல ஏத்தற அவசரத்துல பையோட எடுத்துட்டு வந்துட்டேன். இப்போ அணைச்சா, கடைசியா இருந்த இடத்தைக் காட்டுமாம். அணைச்சு என்ன பிரயோஜனம்?

மெசேஜ் வந்திருக்கு. அப்பவே வந்திருக்கு, நான்தான் பார்க்கலை. இருங்க, படிக்கறேன். "மைதானத்துல இருக்கியா. சீட் இல்லாம என்ன செய்வே. எடுத்துட்டு வர்றேன். அங்கேயே இரு. ஹன்னாவைப் பக்கத்துல வெச்சுக்கோ."

பார்த்தீங்களா, நான் சொன்னேனே. சீட்டைக் கொண்டுவந்து கொடுக்கறதுக்குத்தான் வர்றார். ஒரு கோபமும் இல்ல. ஒரு வார்த்தை தப்பா இல்ல பாருங்க. நான்தான் அநாவசியமா உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன். ஹன்னா, அப்பா வர்றாராம்டா. அப்பா சீட் எடுத்துட்டு...

ஹன்னா?

எங்கே போனா? இங்கதானே இருந்தா. ஹன்னா. பெஞ்சுக்கு அடியில. ஏய், வெளியே வா, அங்கே சேறு. ஏன் வாயைப் பொத்திக்கிறே? யாரும் உன்னை ஒண்ணும் கேட்கலை. வா செல்லம். வர்க்கியைக் கீழே போட்டுட்டியா? பரவாயில்ல. பாவாடை... அக்கா, இவ நனைச்சுட்டா. அப்பா வர்றார்னு மட்டும்தான் சொன்னேன். நான் வேற ஒண்ணுமே சொல்லலை. நீங்களும் கேட்டீங்கல்ல, அது மட்டும்தானே சொன்னேன்.

விசில். ஐம்பது ஆயிடுச்சா? பெண்கள் பிரிவைக் கூப்பிடறாங்க. டாக்டரம்மா கை காட்டறாங்க.

மெசேஜ் எத்தனை மணிக்கு? பன்னிரண்டு முப்பத்தொண்ணு. அப்போ ஒண்ணேகாலுக்கு இங்கே இருப்பார். நான் நடுவுல இருப்பேன், மூணாவது சுற்றோ நாலாவதோ. கயிற்றுக்கு வெளியே நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுவார். சத்தமா இல்ல. நான் நின்னுடுவேன் அக்கா, எனக்கு என்னைத் தெரியும். கூப்பிட்டா நிற்கிற பிள்ளை நான். நின்னா காகிதம் கிடையாது. காகிதம் இல்லாட்டி அந்த ரெண்டு அறை கிடையாது.

நிற்க மாட்டேன். நிற்காம போறேன்.

இந்தாங்க, இவளைப் பிடிச்சுக்கோங்க. ஈரமா இருக்கா, மன்னிச்சுக்கோங்க, இந்தத் துண்டைச் சுத்திக்கோங்க. ஹன்னா, ஆன்ட்டியோட இரு, கையை விடாதே. அக்கா, இங்கே உட்காராதீங்க. அந்த ஆம்புலன்ஸ் கிட்டே நர்ஸம்மா நிற்கிறாங்க, ரெண்டு பெண் போலீஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க, அவங்க நடுவுல போய் உட்காருங்க. செக்கிங் சாரும் அங்கேதான் வருவார்.

உயரமா, வெள்ளைச் சட்டை, தோள்ல ஆபீஸ் பை. சிரிச்ச முகமாத்தான் வருவார். சீட்டைக் காட்டுவார், என் பேர் சுகிர்தான்னு சரியா சொல்லுவார், உங்களுக்கு நன்றிகூடச் சொல்லுவார். குழந்தையைக் கொடுங்க, நான் வெச்சுக்கறேன்னு கேட்பார். கொடுக்காதீங்க. இவளோட அப்பான்னு சொல்லுவார். ஆமா, அப்பாதான். கொடுக்காதீங்க.